இடப்பக்கக் காலிப்பர்

நவம்பர் 4, திங்கள்

பாடி ஷாப்பிலிருந்து கறுப்பு வண்டி காலை பத்தரைக்கு லாரியில் வந்து இறங்கியது. இடது கதவு, கண்ணாடி, கதவுத் தூண் எல்லாம் புதிது. பெயின்டைப் பார்த்தால் அந்த வண்டிக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது.

பிரவீணா பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்தாள். கணபதியில் பம்ப் கம்பெனி நடத்துகிற பெண். வீட்டில் இரண்டு கார் நிற்கிறது. ஏன் ஸ்கூட்டர் என்று நான் கேட்கவில்லை.

"பிரேக்க முழுசாப் பிரிச்சிருங்ணா. இந்தத் தடவ அலுமினியம் பிஸ்டன் வேண்டாம், ஸ்டீல்ல பண்ணிரலாம். சூடு கம்மியாத்தான ஏறும்?"

"ஆமா அம்மிணி. ஸ்டீல் லேசுல சூட்டக் கடத்தாது."

"டிசம்பர் பதினஞ்சு ராலி. நா ஓட்டறனோ, வேற யாராச்சும் ஓட்டறாங்களோ, வண்டி சரியா இருக்கோணும்."

ஒரு கடிதத்தைக் காட்டினாள். அக்டோபர் 20ஆம் தேதி ராலிப் பந்தயத்தில், மலை இறக்கத்தில் நடந்த விபத்து குறித்து நவம்பர் 28 அன்று சென்னையில் விசாரணை. ஓட்டுநரின் தவறு என்று முடிவானால் ஒரு வருடம் பந்தய லைசென்ஸ் கிடையாது. "ஒத்துக்கப் போறேண்ணா. இழுத்து என்ன ஆகப் போகுது" என்றாள்.

அன்றைக்கு இடப்பக்கம் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டு வந்த ஜோயலுக்கு இடுப்பெலும்பும் தொடையும் உடைந்தன. பாலக் கட்டையில் மோதியது அவன் பக்கம். பெடல் தரைக்குப் போய்விட்டது, பிரேக்கே இல்லை என்று பிரவீணா சொன்னாள். ஒன்றரை மணி நேரம் கழித்துப் போட்டி அதிகாரிகள் ஏறி மிதித்துப் பார்த்தபோது பெடல் கல் மாதிரி நின்றது. நானும் மிதித்தேன். கல் மாதிரிதான் இருந்தது.

பேரிங் கடையில் கொடுத்த இந்த டைரியில் ஜனவரியிலிருந்து ஒரு வரி எழுதியதில்லை. இன்று ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

கம்ப்ரசர் பெல்ட் அறுந்தது. மாற்றினேன். வேறு வேலை ஓடவில்லை.

நவம்பர் 7, வியாழன்

வலது காலிப்பரைக் கழற்றினேன். மத்தியானம் சாப்பாடு கொண்டு வந்த சுலோச்சனா, மேஜையில் கிடந்ததைப் பார்த்து, "இது என்ன, இத்தன நாளா நானும் பாக்கறேன், பேரு மட்டுந்தான் தெரியும்" என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறாள். சொன்னேன். சக்கரத்தோடு ஒரு டிஸ்க் சுற்றுகிறது. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இடுக்கி இது. பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் போய் இந்த நான்கு பிஸ்டன்களைத் தள்ளும். பிஸ்டன் பேடைத் தள்ளும், பேடு டிஸ்க்கைப் பிடிக்கும். காலை எடுத்தால் பிஸ்டன் இம்மியளவு பின்வாங்க வேண்டும். அதைப் பின்னால் இழுப்பது, சுற்றி உட்கார்ந்திருக்கிற இந்த ரப்பர் சீல்.

"இந்த வளையமா? வளையல் ரப்பர் மாதிரி இருக்குது."

"அதேதான் எல்லாம்."

அவள் போன பிறகு நடுவில் மரக்கட்டை வைத்து, துளையில் காற்று விட்டு நான்கு பிஸ்டன்களையும் வெளியே எடுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தன. அலுமினியத்தில் லேசான தேய்மானம். சீல்கள் அக்டோபர் 12 அன்று நானே புதிதாகப் போட்டவை, அப்படியே இருக்கின்றன. பள்ளத்தில் அழகாக உட்கார்ந்திருந்தன.

நவம்பர் 8, வெள்ளி

இடது காலிப்பர். பிஸ்டன் வரவில்லை. காற்றைக் கூட்டினேன். கடைசியில் ஒன்று வெடித்த மாதிரி மரக்கட்டையில் வந்து மோதியது. மற்ற மூன்றுக்கும் ஒரு மணி நேரம்.

இடது பக்கச் சீல்கள் பழையதாகிவிட்டன. மாற்ற வேண்டும்.

டிஸ்க்கிலும் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறது. மலை இறக்கத்தில் அப்படித்தான் ஆகும்.

மேஜையைத் துடைத்தேன். கீழ்த் தட்டில் இருந்த வெள்ளை கிரீஸ் டப்பா இடத்தை அடைக்கிறது. மேல் தட்டில், பழைய கேஸ்கட் அட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன்.

நவம்பர் 9, சனி

பட்டறைக்குப் போகவில்லை. வீட்டிலேயே இருந்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

மழை. துரைராஜின் லேத் பட்டறைக்குப் போனேன். எட்டு பிஸ்டனுக்கும் வரைபடம் கொடுத்தேன்: பெரியது நான்கு, சின்னது நான்கு. துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பியில் கடைந்து, உள்ளே குடைந்து எடை குறைத்து, வெளிப்பக்கத்தைக் கிரைண்டிங் செய்து கண்ணாடி மாதிரி கொடுக்க வேண்டும். அலுமினியம் சூட்டில் அதிகம் பெருக்கும், ஸ்டீல் அவ்வளவு பெருக்காது. அதனால் இடைவெளிக் கணக்கும் வேறு. ஐந்து மைக்ரான் தப்பினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றேன்.

துரைராஜ் சிரித்தான். "மருதாசலண்ணன் கைக்குப் போற பொருளுன்னா எங்களுக்கே பயமுங். அந்தப் பொண்ணு கொடுத்து வெச்சதுங். பிஸ்டன் மாத்துனாச் சரியாப் போயிரும். எல்லாரும் என்ன சொல்லுவாங்க? அண்ணன் கை வெச்சாரு, பிரேக் சரியாயிருச்சும்பாங்க."

அவன் சொல்வது சரிதான். ஸ்டீல் போட்டால் எந்த இறக்கத்திலும் அந்த வண்டி நிற்கும். பழைய பாகம் ஒன்றுகூட உள்ளே இருக்காது. யாருக்கும் எந்தக் கேள்வியும் வராது.

டீ குடித்தேன். ஆறிவிட்டிருந்தது.

நவம்பர் 15, வெள்ளி

பிரவீணா காலை பதினொன்றுக்கு வந்தாள். வண்டி நான்கு ஸ்டாண்டில் நிற்கிறது, முன்சக்கரங்களில் காலிப்பரே இல்லை. அவள் போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். சும்மா இருக்கிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது, வலது காலைத் தூக்கி ஆக்சிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோகிறாள். மிதிக்கவில்லை. இடத்தைத் தொட்டுப் பார்க்கிறாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு நா பிரேக்குன்னு நெனச்சு வேற எதையாச்சும் மிதிச்சிருப்பனா?"

"அப்படியெல்லாம் இருக்காது அம்மிணி."

"இருக்கலாம்னு அன்னைக்குப் பெடல மிதிச்சுப் பாத்த அதிகாரி சார் சொன்னாருங். பயத்துல காலு மாறிப் போறது அனுபவம் இருக்கறவங்களுக்கும் நடக்குமாம். பெடல் கீழ போனது என்ற காலுக்கு நல்லா ஞாபகம் இருக்குது. ஆனா இப்ப யோசிச்சா அந்த ஞாபகமே நானா உண்டாக்கிக்கிட்டதோன்னு தோணுது."

நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜோயல் வீட்டுக்கு இதுவரை ஆறு தடவை போயிருக்கிறாளாம். முதல் தடவையே அவன் அம்மாவிடம் "என் தப்புதாங்" என்று சொல்லிவிட்டாளாம். அதிலிருந்து அந்த அம்மா கேட்டைத் திறப்பதில்லை. வாங்கிப்போகிற பழத்தைக் கேட் கம்பியில் மாட்டிவிட்டு வருகிறாள்.

"ஸ்கூட்டர்ல ஏன் வர்றேன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே" என்றாள் போகும்போது. "கார்ல ஏறுனா கை நடுங்குதுங்ணா. ஸ்கூட்டருக்குக் கையிலதான பிரேக்கு."

நவம்பர் 16, சனி

சிறுவாணித் தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீர் சொன்னோம்.

நவம்பர் 19, செவ்வாய்

சுலோச்சனா சொல்கிறாள், நான் ஒரு வாரமாக ஒரு நாளைக்குப் பத்து தடவை கை கழுவுகிறேனாம். பட்டறைக்காரன் கை கழுவாமல் என்ன செய்வான் என்றேன். "முன்னாடி நீங்க சாப்பிடறதுக்கு முன்னால கழுவச் சொல்லியே நான் கத்தோணும்" என்றாள்.

இந்த வேலையில் எனக்கு முப்பத்திரண்டு வருடம். என் கையில் வந்த வண்டி எதிலும் பிரேக் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. ஆயுத பூஜை நேரத்தில் எல்லோருக்கும் அவசரம். லாரி ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பியே ஆக வேண்டும் என்றால் ஒருவன் என்ன செய்வான். மூன்று நாள் ஒரு கடை திறக்கவில்லை.

இதை எதற்கு எழுதுகிறேன்.

நவம்பர் 22, வெள்ளி

துரைராஜ் பிஸ்டன்களை அனுப்பிவிட்டான். எட்டையும் மைக்ரோமீட்டரில் மூன்று மூன்று இடத்தில் அளந்தேன். ஒன்றில்கூடக் குறை இல்லை. இப்படி ஒரு பொருளைக் கையில் எடுத்தாலே சந்தோஷமாக இருக்கும் எனக்கு.

காலிப்பர் துளைகளைக் கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணியில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். புதுச் சீல். புதுப் பிஸ்டன். சிவப்பு ரப்பர் கிரீஸ், புது டியூப், இந்த முறை இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். வலது காலிப்பரைப் பூட்ட நாற்பது நிமிடம் ஆனது. பிஸ்டன் கட்டைவிரல் அழுத்தத்தில் உள்ளே போயிற்று.

இடது காலிப்பரை எடுத்தேன். முதல் சீலைப் பள்ளத்தில் உட்கார வைத்தேன். கிரீஸ் டியூபைத் திறந்தேன். விரல் நுனியில் எடுத்தேன். அதற்கு மேல் கை போகவில்லை.

பட்டறையைச் சாத்திவிட்டு மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நவம்பர் 23, சனி

எழுதிவிடுகிறேன்.

அக்டோபர் 12, சனிக்கிழமை. வலது காலிப்பரைப் பூட்டியதும் சிவப்பு கிரீஸ் தீர்ந்துவிட்டது. பிரேக் சீலுக்கு அந்தக் கிரீஸ்தான் ஆகும். சாதாரண கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் ஊறிப் பருத்துவிடும். வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிற விஷயம் அது. கடைகள் பூட்டியிருந்தன. பிரேக் ஆயிலையே தடவிப் பூட்டியிருக்கலாம், பாதகமில்லை. வறண்ட சீல் மடங்கிக்கொள்ளுமோ என்று ஒரு யோசனை, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் வெள்ளை கிரீஸ் டப்பா. விரல் நுனி அளவு. நான்கு சீலுக்கும் சேர்த்து அவ்வளவுதான். இவ்வளவு கொஞ்சம் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

எட்டு நாளில் சீல் பருத்திருக்கிறது. பிஸ்டன் பின்வாங்கவில்லை. பேடு டிஸ்க்கோடு உரசிக்கொண்டே இருந்து, இறக்கத்தில் சூடேறி, ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. ஆவியை மிதித்தால் பெடல் தரைக்குத்தான் போகும். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் ஆறி ஆவி மறுபடி ஆயிலானதும் பெடல் கல் மாதிரி நிற்கும். அதிகாரிகள் மிதித்தபோது இது எனக்குத் தெரியும். ஆறின பெடலை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். நானும் மிதித்தேன், "ஆமாங்க, நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

நாலாம் தேதி எழுதியபோது இந்த வரியை விட்டுவிட்டேன்.

இடது பக்கத்துச் சீல்கள் நான்கும் பழைய ஃபிலிம் டப்பாவில் இருக்கின்றன. தூக்கிப் போடத்தான் எடுத்தேன்.

நவம்பர் 25, திங்கள்

பிரவீணாவை வரச் சொன்னேன். பத்து மணிக்கு வந்தாள். மேஜையில் வெள்ளைத் துணி விரித்து வலப்பக்கச் சீல் நான்கு, இடப்பக்கச் சீல் நான்கு, பக்கம் பக்கமாக வைத்திருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று காலையிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குத் தேவையே வரவில்லை. பம்ப் கம்பெனிக்காரி. ரப்பர் சீல் அவளுக்கு என்னைவிடத் தெரியும்.

இடப்பக்கத்தில் ஒன்றை எடுத்தாள். விரலுக்கு நடுவில் வைத்து அமுக்கினாள். வலப்பக்கத்தில் ஒன்றை எடுத்து அதையும் அமுக்கினாள். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். இடதில் இருந்தது வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

"இது ஊறியிருக்குது."

இரண்டையும் துணியில் திரும்ப வைத்தாள்.

"எந்தக் கிரீஸ்ணா?"

"வெள்ள கிரீஸ்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பக்கத்துப் பட்டறையில் யாரோ தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். அது நின்றதும் கேட்டாள்.

"எப்பப் பிரிச்சீங்க?"

"எட்டாந் தேதி."

"பதினஞ்சாந் தேதி நா இங்க வந்தேன். இந்த வண்டியில உக்காந்து, வேற எதையாச்சும் மிதிச்சிருப்பனான்னு உங்ககிட்டக் கேட்டேன்."

"ஆமா."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் அம்மிணி."

"அம்மிணின்னு கூப்பிடாதீங்க." குரலை உயர்த்தவில்லை. "பூசும்போது? அன்னைக்கே தெரியுமா, இது ஆகாதுன்னு?"

தெரியாது, கைதவறிவிட்டது என்று சொல்ல ஒரு வழி இருந்தது. அவள் நம்பியும் இருப்பாள்.

"தெரிஞ்சுதான் பூசினேன். கொஞ்சந்தானேன்னு."

அவள் தன் வலது காலைப் பார்த்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றி, வெறும் பாதத்தைச் சிமென்ட் தரையில் வைத்தாள். பிறகு அழுதாள். நான் பார்க்கக்கூடாது என்று திரும்பிக்கொண்டேன். "திரும்பாதீங்க" என்றாள். "ஒரு மாசமா இந்தக் கால வெட்டிப் போட்டா என்னன்னு நெனச்சிருக்கேன். நீங்க பாருங்க."

பார்த்தேன்.

மத்தியானம் அவள் ஆட்கள் வந்து வண்டியை எடுத்துப் போனார்கள். பூட்டின காலிப்பர், பூட்டாத காலிப்பர், பிஸ்டன், சீல் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். இனி ஃபிரோஸ் பட்டறையில் வேலை நடக்கும். வியாழக்கிழமை சென்னைக்கு நானும் வருகிறேன், சொல்லவேண்டியதை நானே சொல்கிறேன் என்றேன். "அது உங்க இஷ்டம்" என்றாள்.

சுலோச்சனாவிடமும் சொன்னேன். அவள் ஒன்றும் திட்டவில்லை. "ரெண்டு வாரமா கழுவறீங்களே, இதுக்குத்தானா" என்றாள்.

நவம்பர் 28, வியாழன்

காலை ரயில். பிரவீணா வேறு பெட்டியில் வந்தாள். சென்டிரலில் இறங்கி ஆளுக்கொரு ஆட்டோ.

மேஜைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர். சீல்களைக் காட்டினேன். டிஸ்க்கின் போட்டோவைக் காட்டினேன். அக்டோபர் 12 அன்று நான் செய்ததைச் சொன்னேன். அன்றைக்கு மலையில் பெடலை மிதித்துவிட்டுச் சொன்னதையும் சொன்னேன். நெற்றியில் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்த ஒருவர் கேட்டார்:

"நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இல்லையா?"

"ஆமாங்க சார். அந்தப் பொண்ணுக்கும் தெரிஞ்சிருக்காது."

அவர் அதை எழுதிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

முக்கால் மணி நேரம் வெளியே உட்கார வைத்தார்கள். ஓட்டுநர் மீது தவறில்லை. எனக்கு இரண்டு வருடம், எந்தப் போட்டியிலும் வண்டிகள் நிற்கும் பகுதிக்குள் நுழையக்கூடாது. கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துக்குக் கீழே பிரவீணாவும் போட்டாள். பேனாவை என்னிடம் கேட்கவில்லை, அவர்கள் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

நவம்பர் 30, சனி

இதைச் செய்யாமல் முடியாது என்று தோன்றியதால் ஜோயல் வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊர் ராமநாதபுரத்திலேயே சின்ன வீடு. கேட்டுக்கு வந்தவர் அவன் அம்மா எஸ்தர். பெரிய ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ரிட்டையரானவர். பிரவீணாவின் மெக்கானிக் என்றதும் கையைத் தாழ்ப்பாளில் வைத்தபடியே நின்றார்.

"அந்தப் பொண்ணு அனுப்புச்சா?"

"இல்லீங்க. நானா வந்தேன்."

கேட்டுக்கு வெளியே நின்றே சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவர் கேட்டைத் திறந்தார். உள்ளே கூப்பிடுவதற்காக அல்ல, ஜோயலும் கேட்க வேண்டும் என்பதற்காக. அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். பக்கத்தில் வாக்கர். முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.

ஜோயல் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அவங்க கத்துனாங்க. 'பிரேக் இல்ல ஜோ'ன்னு. நா ஆஸ்பத்திரில எல்லார்கிட்டயும் சொன்னேன். மயக்க மருந்துல பேசறான்னுட்டாங்க." பிறகு அம்மாவைப் பார்த்தான். "நீயுந்தாம்மா."

எஸ்தர் அம்மா சுவரில் கை வைத்து நின்றார். என்னிடம் பேசியபோது குரலில் ஆஸ்பத்திரி வார்டின் கண்டிப்பு இருந்தது.

"மருந்து மாத்திக் குடுத்துட்டா அந்த நிமிசமே டாக்டர்கிட்டச் சொல்லோணும். எங்க நர்ஸுங்களுக்கு அதான் மொதப் பாடம். மாத்திக் குடுத்தது தப்பு. சொல்லாம இருந்தீங்க பாருங்க, அதுக்கு நா என்ன பேரு வெக்கறது? உங்கள மன்னிக்கறேன்னெல்லாம் என்னால சொல்ல முடியாதுங்க. இப்ப முடியாது."

"கேக்க வரலீங்க."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"அந்தப் பொண்ணு ஆறு தடவ வந்துச்சுங்க. அதுக்கு மேல வந்திருந்தாலும் வந்திருக்கும்."

"ஒம்பது" என்றான் ஜோயல்.

அந்த அம்மா உள்ளே போனார். திரும்பி வந்தபோது சேலை மாற்றியிருந்தார், கையில் பை. "வண்டி கொண்டாந்திருக்கீங்களா? அந்தப் பொண்ணு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

என் ஆம்னி வேனில் பின்சீட்டில் உட்கார்ந்தார். சிங்காநல்லூர் சிக்னலில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நின்றபோது, "பிரேக் நல்லா இருக்குதா இதுல?" என்று கேட்டார். கேலியா, பயமா, எனக்குத் தெரியவில்லை. "இருக்குதுங்க" என்றேன்.

பிரவீணா வீட்டு வாசலில் அவர் மட்டும் இறங்கினார். கதவு திறந்தது. பிரவீணா அவரைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டாள். அந்த அம்மா நேராகப் போய் அவள் வலது கையைப் பிடித்தார், நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டில். பிறகு கதவு சாத்திக்கொண்டது.

ஒரு மணி நேரம் வேனில் இருந்தேன். திரும்பி வரும்போது இருவரும் சேர்ந்து வந்தார்கள். அந்த அம்மா என் வேனில் ஏறவில்லை. பிரவீணா கார் சாவியோடு வந்திருந்தாள். அவரைக் காரில் உட்காரவைத்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்தாள். வீட்டுக் காரை எடுத்து நாற்பது நாள் ஆகியிருக்கும்.

"அடுத்த சனிக்கிழமை தோட்டத்து ரோட்டுல டெஸ்ட். வாங்க."

"நானா?"

"கை வெக்கக்கூடாது. ஆறடி தள்ளி நிக்கோணும். ஃபிரோஸ் பூட்டறத மட்டும் பாருங்க. தப்பா எதாச்சும் பட்டா சொல்லோணும். அவ்வளவுதான் உங்க வேல."

"இன்னும் என்னை நம்பறயா?"

"நம்பலீங்ணா. அதனாலதான் ஆறடி."

அவள் கார் தெருமுனையில் மெதுவாகத் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மிகவும் முன்னாலேயே பிரேக் பிடித்தாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

வெள்ளை கிரீஸ் டப்பாவை மேல் தட்டிலிருந்து எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன். சக்கரப் பேரிங்குக்கு நல்ல கிரீஸ். அது ஒன்றும் செய்யவில்லை.

டிசம்பர் 7, சனி

நீலம்பூருக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பு. உள்ளே ஒன்றேகால் கிலோமீட்டர் தார்ச்சாலை, சொந்தக்காரர் இரண்டு பக்கமும் கேட்டைப் பூட்டிக் கொடுத்திருந்தார். ஏழரைக்கு வெயில் ஏறிவிட்டது. கறுப்பு வண்டி ஜாக்கியில் நின்றது. ஃபிரோஸுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், என்னைப் பார்த்து "வாங்க சார்" என்று மட்டும் சொன்னான். அவன் கை சுத்தமான கை. காலிப்பரின் நான்கு பிஸ்டனும் சமமாக நகர்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஆயிலிலிருந்து காற்றை இரண்டு தடவை வெளியேற்றினான். நான் ஆறடி தள்ளி, ஒரு தென்னையை ஒட்டி நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டேன்.

முதலில் மெதுவாகப் பத்து ஓட்டம், புதுப் பேடு டிஸ்க்கில் பழக வேண்டும். பிறகு ஆற விட்டார்கள். ஃபிரோஸ் இடது சக்கரத்தைக் கழற்றிப் பேடுகளை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டான். சக்கரத்தை மாட்டினான். பிரவீணா ஹெல்மெட் போட்டு பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள். இனிமேல்தான் நிஜ வேகம். சாலை முடிவில் பூட்டிய கேட், அதற்கு அந்தப் பக்கம் கிணறு.

பேடைத் தாங்குகிற ஊசி நழுவாமல் இருக்க ஒரு சின்னக் கிளிப் உண்டு. ஃபிரோஸ் அதைப் போட்டதை நான் பார்க்கவில்லை. அவன் முதுகு மறைத்திருக்கலாம். நான் கண்ணை மூடித் திறந்த நேரமாக இருக்கலாம். சின்னப் பையன் இல்லை அவன், விவரம் தெரிந்தவன், போடாமல் இருப்பானா. அவன் ஆட்கள் மூன்று பேர் நிற்கிறார்கள். நான் யார் அவன் வேலையில் குறை சொல்ல, அதுவும் நான். எஞ்சின் உறுமியது.

"நிறுத்துங்க!"

என் குரல் எனக்கே விகாரமாகக் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். பிரவீணா எஞ்சினை அணைத்தாள்.

"இடது பக்கம். ஊசிக் கிளிப்பு. போட்டதை நான் பாக்கல."

ஃபிரோஸ் முகம் சுருங்கியது. ஜாக்கியை வைத்தான். ஐந்து நட்டையும் கழற்றினான். சக்கரத்தை எடுத்தான். குனிந்து பார்த்தான். டார்ச் அடித்தான்.

"இருக்குது" என்றான்.

இருந்தது. அவன் உட்பக்கத்திலிருந்து போடுகிற பழக்கக்காரன். நான் வெளிப்பக்கத்திலிருந்து. அவன் ஆட்களில் ஒருவன் சிரித்தான். எனக்குக் காது சூடேறியது. அப்படியே வேனை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று இருந்தது.

பிரவீணா கண்ணாடியை இறக்கினாள். ஹெல்மெட்டுக்குள் கண் மட்டும் தெரிந்தது.

"ஃபிரோஸ், இருக்குதுங்களா?"

"இருக்குங்க மேடம். கரெக்டா இருக்குது."

"சரி. மாட்டுங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, தப்பாப் பட்டாலும் பரவால்ல. சொல்லிட்டே இருங்க."

மாட்டினார்கள். அவள் போனாள். சத்தம் தென்னைகளுக்கு நடுவில் நீண்டு போய், கேட்டுக்கு நூறு மீட்டர் இருக்கும்போது சட்டென்று அடங்கியது. மூக்கு தாழ்ந்து, வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. இரண்டாவது ஓட்டத்தில் எண்பது மீட்டர். அவள் இறங்கவில்லை, கையை வெளியே நீட்டி "இன்னொண்ணு" என்று ஒரு விரலைக் காட்டினாள்.

மூன்றாவது ஓட்டத்துக்கு முன்னால் வலது முன்சக்கரத்தின் நட்டு ஒன்றில் எனக்குச் சந்தேகம் வந்தது.

சொன்னேன்.